மேனி ஃபார்பர் சொன்ன 'கறையான் கலை' என்றால் என்ன? அவர் ஓவியருமாமே?

கேள்வி: பின்வரிசை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் திரைப்படச் சங்கத்தில் போன மாதம் படம் முடிந்ததும் வழக்கம்போல வாசலில் டீ குடித்துக்கொண்டே பேசினோம். ஒருவர், "படம் பெரிதாக எதையும் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு காட்சியையும் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகிறது. ஃபார்பர் சொன்ன கறையான் கலை இதுதான்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடினேன். மேனி ஃபார்பர், அமெரிக்கர், சினிமா விமர்சகர், ஓவியர். வெள்ளை யானைக் கலை, கறையான் கலை இரண்டையும் எதிரெதிராக வைத்து அவர் எழுதிய கட்டுரை கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். ஒரே வாக்கியத்தில் ஒரு நடிகரைப் பாராட்டுகிறார், அடுத்த அரை வாக்கியத்தில் இடிக்கிறார். படம் நல்லதா கெட்டதா என்று கடைசிவரை பிடிபடவில்லை.

தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். கறையான் என்று ஏன் சொன்னார்? அவர் வரைந்ததற்கும் எழுதியதற்கும் தொடர்பு உண்டா, இல்லை ஓவியம் ஓய்வு நேரத்து வேலையா? பொதுவாசகர்களுக்கு அதிகம் தெரியாத ஒருவரை இத்தனை வருடம் கழித்து ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

பதில் 1: ரீல்பெட்டி

சுருக்கமாக ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

பிறந்தது 1917இல், மெக்சிகோ எல்லையை ஒட்டிய டக்ளஸ் என்ற சிறு ஊர், அரிசோனா மாநிலம். பெற்றோர் கடை வைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவில் ஓவியம் படித்துவிட்டு நியூயார்க் போனார். 1942 முதல் 'தி நியூ ரிபப்ளிக்' பத்திரிகையில் சினிமா பற்றியும் ஓவியம் பற்றியும் எழுதினார். 1949இல் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி விட்டுப்போன இடத்தில் 'தி நேஷன்' பத்திரிகையில் சேர்ந்தார். அறுபதுகளின் கடைசியில் 'ஆர்ட்ஃபோரம்' என்ற கலைப் பத்திரிகை. நடுவில் சின்னதும் பெரியதுமாகப் பல பத்திரிகைகள்.

நீங்கள் படித்த கட்டுரை 1962 குளிர்காலத்தில் வந்தது. 1971இல் கட்டுரைகளைத் தொகுத்து 'நெகட்டிவ் ஸ்பேஸ்' என்ற புத்தகம் போட்டார். 1970 முதல் 1987 வரை சான் டியேகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1977க்குப் பிறகு விமர்சனம் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு வரைந்துகொண்டே இருந்தார். 2008இல் 91 வயதில் இறந்தார். சினிமா எழுத்து முழுவதும் ஒரே தொகுப்பாக வந்தது அதற்கு அடுத்த வருடம்தான். 800 பக்கத்துக்கு மேல். உயிரோடு இருந்தபோது அது வந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இன்னொன்று. 1943லேயே வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியவர். பக்ஸ் பன்னியைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் ஒதுக்கிய காலம் அது.

பதில் 2: தச்சன்மகன்

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம் பக்கம். இங்கே எழுதுகிற பலருக்குச் சினிமா என்னைவிட அதிகம் தெரியும். ஆனால் நான் ஃபார்பரை முதலில் ஓவியராகப் பார்த்தேன், எழுத்தைப் பிறகுதான் படித்தேன். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

2018 டிசம்பரில் மகள் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போயிருந்தேன். கிராண்ட் அவென்யூவில் இருக்கிற சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனாள். ஃபார்பரின் பெயரையும் கறையான் கலையையும் தலைப்பிலேயே வைத்து அங்கே ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஹெலன் மோல்ஸ்வர்த் அமைத்தது. ஃபார்பர் பலகைகளில் வரைந்த ஓவியங்களும், அன்றாட வாழ்க்கையைப் பொருளாக எடுத்துக்கொண்ட வேறு பல கலைஞர்களின் வேலைகளும் சேர்ந்தே இருந்தன.

அவருடைய ஓவியம் எப்படியிருக்கும் என்றால், ஒரு பெரிய மேசையைக் கூரையிலிருந்து குனிந்து பார்ப்பதுபோல இருக்கும். மேலே பொம்மைகள், மிட்டாய்கள், பொம்மை ரயிலுக்கான தண்டவாளம், கிழித்த சீட்டில் கையால் கிறுக்கிய குறிப்புகள். பிந்தைய ஓவியங்களில் தோட்டத்துப் பூவும் காயும் பறித்துப் போட்டபடியே கிடக்கும். ஹோவர்ட் ஹாக்ஸ், எரிக் ரோமர் என்று இயக்குநர்களின் பெயரைத் தலைப்பில் வைத்து வரைந்தவையும் உண்டு. அந்த இயக்குநரின் முகம் இருக்காது, படக்காட்சியும் அப்படியே இருக்காது. அவர் படங்களை ஞாபகப்படுத்துகிற சின்னச் சின்னப் பொருள்கள் சிதறிக் கிடக்கும்.

நடு என்று ஒன்று கிடையாது, அதுதான் என்னை நிறுத்தியது. "கண் முதலில் எங்கே போகிறதோ அங்கே முக்கியமான பொருளை வை" என்று முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் பலகைகளில் கண்ணுக்கு உட்கார இடமே இல்லை. ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்கு ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரு சீட்டைப் படிக்கத் தலையைச் சாய்ப்பேன், சாய்த்தால் பக்கத்துப் பூத்தண்டு வேறு மாதிரித் தெரியும். மகள் மற்ற அறைகளையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் நான் அதே பலகை முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது கறையானுக்கு வருகிறேன். என் அப்பா தச்சு வேலை செய்தவர். பழைய வீட்டுக்கு வேலைக்குப் போனால் முதலில் வாசல் நிலையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருவார். பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மாறும். அங்கே உளியை வைத்தால் அப்பளம்போல உடையும். உள்ளே பார்த்தால் மரத்தின் ரேகைப்படியே நீளநீளமாக அறை அறையாகத் தின்றிருக்கும். "கறையான் கண்டபடி தின்னாது, மரம் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம்தான் அதுவும் ஓடும். வைரத்தை விட்டுட்டு இளசைத்தான் தின்னும்" என்பார். அவருக்கு அது எதிரி, அப்போதும் அந்த வேலைப்பாட்டைக் கையில் வைத்துப் பார்க்காமல் தூக்கிப் போட மாட்டார்.

ஃபார்பரும் வயிற்றுப்பாட்டுக்குப் பல வருடம் தச்சு வேலை செய்தவர் என்று பிறகு தெரிந்தபோது, அந்தச் சொல்லை அவர் எங்கிருந்து எடுத்திருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இது என் ஊகம்தான். கட்டுரையில் அவர் சொல்வது இது: ஒரு கலைஞன் பேர், புகழ், 'மகத்தான படைப்பு' எதையும் நினைக்காமல், கையில் இருக்கிற சின்ன இடத்தையே தின்று தின்று முன்னால் போகிறான். தன் எல்லையையும் சேர்த்துத் தின்றுவிடுகிறான். மிச்சம் இருப்பது அவன் மும்முரமாக வேலை செய்த தடம் மட்டும்.

வெள்ளை யானையில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுவார்கள். நமக்கு வெள்ளை யானை என்றால் ஐராவதம். இங்கே பக்கத்தில் தாராசுரம் கோயிலுக்கே அதனால்தான் பெயர். சுந்தரர் கயிலாயம் போனதும் வெள்ளை யானை மேல்தான். நம் காதில் அது புகழ்ச்சியாக விழுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது வேறு கதை: சயாம் ராஜா தனக்கு ஆகாதவனுக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். வேலையும் வாங்க முடியாது, விற்கவும் முடியாது, தீனி போட்டே அவன் ஓட்டாண்டி ஆவான். 'யானையைக் கட்டித் தீனி போடுகிறது' என்று நாம் சொல்வோமே, அதற்குப் பக்கத்தில் வரும். திரையின் ஒவ்வொரு மூலையிலும் அர்த்தத்தை அடைத்து, "நான் பெரிய கலை, பார்" என்று நிற்கிற படங்களை அவர் அப்படிச் சொன்னார்.

கட்டுரை சினிமாவில் தொடங்கவில்லை, ஓவியத்தில் தொடங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? சேசான் வருகிறார், அந்தக் காலத்து நியூயார்க் ஓவியர்கள் வருகிறார்கள். சட்டம் போட்ட, நகைபோல இழைத்த ஒரு 'மாஸ்டர்பீஸ்' வேண்டும் என்கிற ஆசை ஓவியர்களைப் பாரமாக அழுத்துகிறது என்ற கவலைதான் அதன் வேர். அதைச் சொன்னவர் பின்னால் தானே சட்டமில்லாத பெரிய காகிதங்களில் அருவ ஓவியங்கள் வரைந்தார். அப்புறம் மிட்டாயும் தண்டவாளமும். எழுத்தில் சொன்னதைக் கையால் செய்து பார்த்திருக்கிறார். ஓய்வு நேரத்து வேலை என்று எப்படிச் சொல்வது?

அவர் கண் எங்கே போகும் என்பதற்கு இரண்டு உதாரணம். 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' படத்தில் ஜான் வெய்ன் நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்காருகிற விதத்தைக் கறையான் நடிப்புக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறார். கதைக்கு அது தேவையே இல்லை. இன்னொன்று, 'தி பிக் ஸ்லீப்' படத்தில் ஹம்ப்ரி போகார்ட் ஒரு புத்தகக் கடையிலிருந்து எதிர்ப்பக்கம் இருக்கிற இன்னொரு புத்தகக் கடைக்குத் தெருவைக் கடந்து போகும்போது அண்ணாந்து ஒரு பலகையைப் பார்க்கிறார். கண் சிமிட்டும் நேரம்தான். நாற்பதுகளின் சினிமாவில் அருமையான கணங்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார். அந்தப் படத்தில் கொலைகள் இருக்கின்றன, புகழ்பெற்ற வசனங்கள் இருக்கின்றன. இவர் அந்த அண்ணாந்த பார்வையைப் பிடித்துக்கொள்கிறார். அந்த ஒரு பார்வையில்தான் தெருவுக்கு உயரமும் ஆழமும் வந்து, திரைக்கு வெளியேயும் ஊர் இருக்கிறது என்று தெரிகிறது. ஓவியனின் கண்தான் அங்கே நிற்கும்.

புத்தகத் தலைப்பும் ஓவிய வகுப்பிலிருந்து வந்ததுதான். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "நாற்காலியை வரையாதே, கால்களுக்கு நடுவே தெரிகிற சந்துகளை வரை" என்பேன். சந்துகளைச் சரியாக வரைந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும். அந்தச் சந்துக்குத்தான் ஆங்கிலத்தில் 'நெகட்டிவ் ஸ்பேஸ்'. ஃபார்பர் அதைச் சினிமாவுக்குக் கொண்டுபோய் இன்னும் விரித்தார். நடிகருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடம், பார்வையாளன் மனதில் அந்தக் காட்சி எழுப்புகிற அனுபவத்தின் அதிர்வு, எல்லாம் அதில் சேர்ந்தது.

உங்களுக்குப் பிடிபடாமல் போனது அவருடைய தீர்ப்பு. அவருக்கே அதில் அக்கறை கிடையாது. ஒருவனுக்குப் படம் பிடித்ததா இல்லையா என்பது கடைசியில் வருகிற விஷயம், விமர்சகனின் வேலை வேறு என்பதை ஒரு பேட்டியில் உறுதியாகச் சொல்கிறார். அவர் வாக்கியமும் அந்தப் பலகைகள் மாதிரிதான்: பாராட்டும் குறையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், நீங்கள்தான் ஊர்ந்து போக வேண்டும். நட்சத்திரம் போட்டு மார்க் கொடுக்கிற விமர்சனத்தையே படித்து வளர்ந்த நமக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். நான்கைந்து கட்டுரை தாண்டினால் அந்த எரிச்சல் போய்விடும்.

மூன்றாவது கேள்விக்கு ஒரு பழமொழி போதும்: கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது. பாம்பு என்று யாரையும் குறை சொல்லவில்லை. அவர் கட்டிய புற்றில் இன்று நிறையப் பேர் குடியிருக்கிறார்கள் என்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் அவரைத் தன் நாட்டின் மிக உயிர்ப்பான, மிக அசலான சினிமா விமர்சகர் என்றே சொன்னார். ஜோனதன் ரோசன்பாம் மாதிரியான விமர்சகர்கள் கடனை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு மொழி இயக்குநர் கோதாரோடு வேலை செய்த ழான்-பியர் கோரின், ஃபார்பர் மூலமாகத்தான் சான் டியேகோவுக்கு ஆசிரியராக வந்தார். 1986இல் பொம்மை ரயில் ஓட்டுகிற மனிதர்களையும் ஃபார்பரின் ஓவியங்களையும் சேர்த்து 'ரொட்டீன் ப்ளெஷர்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார். ஆனால் "கறையான் கலை" என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்த மனிதர் வரைந்த ஒரு பலகையைப் பார்த்திருப்பார்கள்? எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

பதில் 3: வெட்டுமேசை

தச்சன்மகன் ஐயா எழுதியதற்கு நன்றி. நான் படத்தொகுப்பு வேலையில் இருக்கிறேன். ஒரு பெயர் விட்டுப்போயிற்று, அதைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை: பாட்ரீசியா பாட்டர்சன்.

அவரும் ஓவியர். அயர்லாந்துக்கு மேற்கே அரன் தீவுகளில் வாழ்ந்து, அங்குள்ள வீடுகளையும் மனிதர்களையும் வரைந்தவர். ஃபார்பரின் மனைவி. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அந்தக் கட்டுரைகள் இருவரும் சேர்ந்து எழுதியவை, எழுபதுகளில் வந்தவற்றில் இரண்டு பெயரும் இருக்கிறது. ஆனாலும் மேற்கோள் காட்டுகிறவர்கள் "ஃபார்பர் சொன்னார்" என்றே எழுதுகிறார்கள். அதிகம் தெரியாதவர் என்று ஒருவரைச் சொல்லும்போது அவர் பக்கத்தில் இருந்தவர் இன்னும் மறைந்துபோகிறார்.

இருவரும் கடைசியாக எழுதிய கட்டுரை 1977இல் பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகெர்மானின் 'ழான் டீல்மன்' பற்றியது. மூன்று மணி இருபது நிமிடப் படம். ஒரு பெண் சமைக்கிறாள், உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை சிறந்த படங்கள் எவை என்று உலகம் முழுக்க விமர்சகர்களிடம் கேட்டபோது அதுதான் முதலிடம் பிடித்தது. இவர்கள் இருவரும் நாற்பத்தைந்து வருடம் முன்பே அந்தச் சமையலறையை, எது எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். படம் பார்க்கும்போது ஒவ்வொரு பொருளாகப் பார்க்கிற அந்த நிதானத்தில் இரண்டு ஓவியர்களின் கண் இருக்கிறது.

பதில் 4: பின்வரிசை

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஐயா, ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் இருக்கிறது. வெள்ளை யானைப் பட்டியலில் இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியை வைக்கிறார். அவருடைய 'லா நோட்டே' எனக்கு மிக நெருக்கமான படம். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவையும் விடவில்லை. அப்படியானால் மலிவான அமெரிக்கச் சண்டைப் படங்கள்தான் கலை, ஐரோப்பியப் படமெல்லாம் ஆடம்பரம் என்கிறாரா?

பதில் 5: தச்சன்மகன்

வெட்டுமேசை அம்மா சொன்னது முழுக்க நியாயம். பாட்டர்சன் பெயரை நான் எழுதியிருக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துப் பூக்கள் என்று எழுதினேனே, அந்தத் தோட்டமும் அவர் போட்டதுதான்.

தம்பி, அன்டோனியோனி விஷயத்தில் ஃபார்பரோடு நானும் ஒத்துப்போகவில்லை. 'லா நோட்டே' படத்தில் கதாநாயகியான அந்த அம்மாள் ஊரின் ஓரத்தில் தனியாக நடந்து போகிற பகுதியைக் கறையான் கலை என்று யாராவது சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஃபார்பர் எல்லா இடத்திலும் நியாயமாக நடந்துகொண்டவர் அல்லர். ஆனால் ஐரோப்பா பிடிக்காதவர் என்பது சரியில்லை. 1957இல் ஹாலிவுட் இயக்குநர்கள் ஹாக்ஸ், வால்ஷ், வெல்மன் படங்களை யாரும் மதிக்காதபோது அவர்களுக்காக எழுதினார், அதனால் அந்த முத்திரை ஒட்டிக்கொண்டது. பிறகு கோதார், ஸ்ட்ராப், ஃபாஸ்பின்டர், ஹெர்சாக் எல்லோரையும் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார். மைக்கேல் ஸ்னோவின் சோதனைப் படங்களைப் பற்றியும்.

அவரோடு சண்டை போடுவதற்கு ஒரே வழி அவர் பார்த்த மாதிரிப் பார்ப்பதுதான். அவர் வகுப்பில் படத்தை முழுதாகப் போட்டுக் காட்டுவது அபூர்வமாம். ஒரு துண்டு போடுவார், சத்தத்தை நிறுத்திப் போடுவார், பின்னோக்கி ஓட்டுவார், வேறு படத்துத் துண்டைப் பக்கத்தில் வைப்பார். தேர்வில் காட்சியை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்வார். நீங்களும் 'லா நோட்டே' படத்தில் பிடித்த ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் பாருங்கள். பார்த்து முடித்து ஒரு தாளில் வரையுங்கள். கோடு அழகாக வரவேண்டியதில்லை. ஆள் எங்கே, சுவர் எங்கே, கதவு எங்கே, எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது, அது போதும்.

பதில் 6: பின்வரிசை

ஐயா, நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். அந்த அம்மாள் நடக்கிற காட்சிதான். ஏழு எட்டுத் தடவை பார்த்த படம். தாளை எடுத்து உட்கார்ந்தால் முகம் மட்டும்தான் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் சுவர், அவர் திரையின் எந்த ஓரத்தில் சின்னதாக நிற்கிறார், எதுவும் வரவில்லை. இடது பக்கம் பெரிய கட்டடம் என்று ஒரு பெட்டி போட்டேன். திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் பெட்டி தப்பு. அடித்துவிட்டுப் பக்கத்திலேயே மறுபடி வரைந்தேன், இப்போது நான்கு தாள் ஆகிவிட்டது. சங்கத்தில் அடுத்த கூட்டத்துக்கு எல்லோரையும் பென்சில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.